ஒரு தண்ணி குறை

எங்கள் பக்கம் நெல் விளையாமல் போனால் "மழை பெய்யல" என்று யாரும் சொல்வதில்லை. "ஒரு தண்ணி குறைஞ்சு போச்சு" என்பார்கள். கதிர் வெளிவந்த பிறகு இன்னும் ஒரே ஒரு தடவை பாய்ச்ச முடிந்திருந்தால் மூடை கட்டியிருக்கலாம், முடியாததால் வைக்கோலோடு வீடு திரும்பினோம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பேச்சு. அந்த ஒரு தண்ணி என்பது எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட எனக்கு 2016 வரை தோன்றவே இல்லை.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர். மூன்று ஏக்கர் கண்மாய்க்குக் கீழே நஞ்சை, ஒரு ஏக்கர் மேட்டில் மிளகாய் போடும் புஞ்சை. கண்மாய்ப் பாசனம் என்பது பெயருக்குத்தான். ஆற்றுத் தண்ணீர் வராது. சுற்றிலும் உள்ள காட்டில் விழும் மழை வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்தால் உண்டு. போர் போடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பக்கத்து வயல் சித்தப்பா 300 அடி போட்டார். தண்ணீர் வரத்தான் செய்தது. வாயில் வைத்தால் கடல். அந்தக் குழாயின் மேல் இப்போது தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அரசு ஊழியர்களை "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 827 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரின் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 4,000 லிட்டர். அப்படியானால் சராசரி வருடத்தில் ஒரு ஏக்கரின் தலையில் 33 லட்சம் லிட்டர் இறங்குகிறது. நெல்லுக்கு இரண்டு அங்குலம் நிற்கும்படி ஒரு தடவை பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர் போதும். இந்தக் கணக்கைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "அப்ப அம்புட்டுத் தண்ணியும் எங்கடா போகுது?" என்றார். நியாயமான கேள்வி. பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில், அதுவும் விரல்விட்டு எண்ணும் நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. கொட்டும் நாளில் அது ஓடாமல் நிற்க நாங்கள் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை.

2016க்கு வருகிறேன். எங்கள் ஊரில் நாற்று நடுவது கிடையாது, புழுதி விதைப்புதான். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ காய்ந்த மண்ணில் நெல்லை வீசி உழுதுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். அந்த வருடமும் விதைத்தோம். ஒரு மழை வந்து முளைக்க வைத்தது, அவ்வளவுதான். நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த வாரமே கூட்டுறவு வங்கிகளில் பழைய நோட்டை மாற்றக்கூடாது என்றும் வந்தது. எங்களுக்கு வரவுசெலவு முழுக்க அங்கேதான். கையில் காசும் இல்லை, வானத்தில் மேகமும் இல்லை. டிசம்பர் 12 வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததை டிவியில் பார்த்துக்கொண்டு, அதில் ஒரு வால் நம் பக்கம் திரும்பாதா என்று அம்மா கேட்டாள். புயலைக் கூப்பிடுகிற நிலைமை.

மார்கழி பிறக்கும் முன்னே பயிர் இலையைச் சுருட்டிக்கொண்டது. காலையில் விரிந்திருக்கும், பத்து மணிக்குச் சுருளும். பிறகு ஒருநாள் காலையிலும் விரியவில்லை. கதிர் வரைக்கும் போகவே இல்லை என்பதால் இது "ஒரு தண்ணி குறை" என்ற கணக்கில்கூடச் சேராது. ஆட்டை உள்ளே விட்டோம். அந்த வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நில வரி தள்ளுபடி, நூறு நாள் வேலை நூற்றைம்பது நாளானது.

பட்டினி கிடந்தோமா என்று கேட்டால், இல்லை. ரேஷன் அரிசி 20 கிலோ விலையில்லாமல் வந்தது. அந்த அரிசி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்திருக்கும் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் வறட்சி வருகிற வழி வேறு. அது சோற்றுப் பானையை விட்டுவிட்டு குழம்புச் சட்டிக்குள் புகும். முதலில் போனது பால். பிறகு மோர், அப்புறம் வரப்பில் போட்ட தட்டைப்பயறு, கொல்லைப்புறத்து வெண்டை, சுரை. கோழி ஒவ்வொன்றாகக் குறைந்தது. விற்றதும் உண்டு, அடித்ததும் உண்டு, தவிடு இல்லாமல் மெலிந்து கழுகுக்குப் போனதும் உண்டு. மாசி மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாடு என்றால் ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, சாயல்குடிப் பக்கமிருந்து வரும் கருவாடு. காலையில் கடுங்காப்பி. முருங்கைக்கீரை மட்டும் கடைசி வரை கைவிடவில்லை. தையில் பனங்கிழங்கு இருந்தது. பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, அது எங்களைப் பார்த்துக்கொண்டது.

இதில் ஒன்றைத் தாமதமாகத்தான் கவனித்தேன். பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் சத்துணவில் முட்டை சாப்பிட்டார்கள். வீட்டில் முட்டை நின்ற பிறகு அவர்களுக்கு அது ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள். ஊரில் எதுவுமே இல்லாமல் கிடக்கிற அந்த இரண்டு மாதத்தில் அந்த முட்டையும் இல்லை. சின்னவளுக்கு அந்தக் கோடையில் தலைமுடி செம்பட்டை பாய்ந்தது. வெயில் என்று நினைத்தோம். சுகாதார நிலையத்தில் எடை பார்த்த அக்காதான் "புரதம் பத்தலைண்ணே, பருப்பு குடுங்க" என்றது. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதில் பாதியைச் சில மாதம் கடைக்கு விற்று எண்ணெய் வாங்கியிருக்கிறோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதைவிடக் கூச்சம் விதைநெல். அம்மா தானியம் கொட்டி வைக்கும் குலுக்கையில் மூன்று மரக்கால் சித்திரைக்கார் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துச் சிவப்பு நெல், வறட்சி தாங்கும், சோறு கொஞ்சம் முரடு. அடியில் நொச்சி இலை, மேலே சாம்பல், வாய்க்குச் சாணி மெழுகல். விருந்தாளி வந்த ஒருநாள், ரேஷன் அரிசி போட முடியாத விருந்தாளி, அந்த மெழுகலை உடைத்தாள். ஒரு தடவை உடைத்தது திரும்ப மெழுகப்படவே இல்லை. பங்குனிக்குள் குலுக்கை காலி. அடுத்த புரட்டாசியில் விதைக்கு அலைந்தபோதுதான் தெரிந்தது, ஒரு வருட வறட்சி இரண்டு வருடத்தைத் தின்கிறது என்று. எல்லோரும் ஒரே வாரத்தில் விதை தேடினால் விலை என்ன ஆகும்? கடையில் கிடைத்ததை வாங்கி விதைத்தோம். பாதிதான் முளைத்தது.

இப்போது விதை வீட்டில் இல்லை. ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாற்றி வைத்துக்கொள்கிறோம். என் விதை மச்சான் வீட்டில், அவர் விதை என் வீட்டில். அடுத்தவன் விதையைக் குத்தித் தின்ன யாருக்கும் கை வராது. எந்தத் திட்டத்திலும் இல்லாத இந்த ஏற்பாடு அம்மாவின் யோசனை.

மாட்டுக் கதை தனி. இரண்டு கறவை இருந்தது. வைக்கோல் தீர்ந்ததும் ஒன்றைச் சந்தைக்கு ஓட்டினேன். எல்லோரும் ஓட்டி வந்திருந்தார்கள். கேட்ட விலை முந்தைய வருடத்தில் பாதி. வியாபாரி மாட்டின் விலாவைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. மழை குறையும் என்று தெரிந்த உடனேயே, கார்த்திகையிலேயே விற்றிருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். ஆனால் கார்த்திகையில் யாருக்கு விற்க மனசு வரும், நாளைக்கே மழை வந்துவிட்டால்?

இன்னொரு வீட்டில் மாடு செத்தே போனது. சோளம் போட்டிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் வாடி நின்ற பயிர், இனி தேறாது என்று அவிழ்த்து விட்டார்கள். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மாடு தள்ளாடி விழுந்தது. தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பூ எடுக்காத இளம் பயிரையும், அறுத்த பிறகு கட்டையிலிருந்து துளிர்க்கும் குருத்தையும் வறட்சியில் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. வறண்ட வருடத்தில் இருக்கிற தீனி அது ஒன்றுதான் என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் மாடு போகிறது.

மீதமிருந்த ஒரு மாட்டைக் காப்பாற்றியது வெளியூரில் வாங்கிய பழைய வைக்கோல். அந்த மருத்துவரே யூரியா வைக்கோல் செய்து காட்டினார். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடி வைக்க வேண்டும். கொடுக்கும் முன் ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவைக் கண்ணளவில் அள்ளிப் போடுகிற வேலை இங்கே ஆகாது, கூடினால் விஷம். முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இனி தண்ணீர். 2017 கோடையில் ஊரெல்லாம் பண்ணைக்குட்டைப் பேச்சு. அரசுத் திட்டத்தில் சொன்ன அளவு நூறு அடிக்கு நூறு அடி, ஐந்தடி ஆழம். சுமார் 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆனால் அது தின்னும் நிலம் 23 சென்ட். பத்து ஏக்கர்காரருக்குச் சரி. நான்கு ஏக்கர்காரன் 23 சென்டை நிரந்தரமாகக் குழியாக்கச் சம்மதிப்பானா? அப்பா சம்மதிக்கவில்லை. சண்டை போட்டு, சொந்தக் காசில் சின்னதாக வெட்டுவது என்று முடிவானது.

வெட்டினேன், தப்பான இடத்தில். பொக்லைன் உள்ளே வர வரப்பை உடைக்க வேண்டாம், ரோட்டோரமாக இருக்கட்டும், இன்ஜின் கொண்டுபோகவும் தோது என்று நினைத்தேன். ரோட்டோரம்தான் என் நிலத்தில் மேடு. அந்த வருடம் மழை ஓரளவு பெய்தது. வயலெல்லாம் தண்ணீர் ஓடி கீழ்மூலை வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயலுக்குப் போனது. என் குட்டையில் வானத்திலிருந்து நேராக விழுந்தது மட்டும் முட்டியளவு நின்றது. போதாததற்கு அந்த இடம் செவல் கலந்த மண், பத்து நாளில் உறிஞ்சிவிட்டது. பன்னிரண்டாயிரம் ரூபாய் போச்சு. ஊரில் அதற்கு என் பேரைச் சொல்லி "…வெட்டின குளம்" என்று பட்டம். இப்போது அது எருக்குழி.

அந்த மழையிலேயே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வயலில் நின்றேன். செலவே இல்லாத சர்வே அதுதான். தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே கூடுகிறது, எந்த வரப்பு எப்போதும் உடைகிறது என்று அரை மணி நேரம் பார்த்தால் போதும். உடைகிற வரப்புதான் குட்டைக்கான இடத்தைக் காட்டும். 2018 கோடையில் கீழ்மூலையில், கரிசலில், அறுபதுக்கு நாற்பது அடி வெட்டினோம். எட்டடி ஆழம், சாய்வான கரை. இன்னும் இரண்டடி போகலாம் என்றேன். ஊர்க் கண்மாயில் ரொம்ப காலம் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியப்பா, "வேணாம்ப்பா, அதுக்குக் கீழ உவர் கிடக்கு, குட்டைத் தண்ணியே உப்பாயிரும்" என்று நிறுத்தினார். ஐந்தரை சென்ட் இடம், மூன்றரை லட்சம் லிட்டர். பரப்பு பெரிதாக இருந்தால் வெயில் அதிகம் குடிக்கும், ஆழமாக இருந்தால் குறைவாகக் குடிக்கும். நிலமும் மிச்சம். தண்ணீர் நுழையும் வாய்க்கு முன்னால் மூன்றடியில் ஒரு சின்னக் குழி. வண்டல் அங்கேயே படிந்துவிடும், வருடம் ஒருமுறை மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். உள்ளே சவுக்குக் கம்பு ஒன்றை நட்டு, ஜாணுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். வாரத்துக்கு மூன்று விரல் இறங்கியது. இந்தக் கோடு இல்லாமல் குட்டை வைத்திருப்பது பாஸ்புக் இல்லாமல் பேங்கில் பணம் போடுவது மாதிரி. கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எப்போது செலவழிப்பது?

அதே வருடமே அதற்குச் சோதனை வந்தது. 2018 வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் 24 சதவீதம் குறைவு. ஐப்பசியில் இரண்டு நல்ல மழை. குட்டை நிறைந்தது. கண்மாயில் கால்வாசி. கார்த்திகை பாதிக்கு மேல் என் வயலில் ஒரு தூறலும் இல்லை. மார்கழி பிறந்ததும் கண்மாய் மடையில் தண்ணீர் ஏறவில்லை. கதிர் எட்டிப் பார்க்கிற நேரம். கம்பைப் பார்த்தேன். கணக்குப்படி இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூட இருந்தது. மூன்று ஏக்கருக்கும் பாய்ச்சினால் ஈரம் காட்டலாம், விளைய வைக்க முடியாது. ஒன்றேகால் அங்குலம் வீதம் கட்டினால் ஒன்றரை ஏக்கர் வரும்.

எந்த ஒன்றரை ஏக்கர்? அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு பிரிக்கிற மாதிரி. நான் குட்டைக்குப் பக்கத்து வயல்கள் மட்டும் என்றேன். அங்கே 2017இல் கண்மாய் வண்டல் அடித்திருந்தோம், ஈரம் நிற்கும். மேற்கு வயல்களை அறுத்துத் தீவனமாக்கிவிடலாம், இன்னும் பச்சை இருக்கிறது, ஒரு வாரம் போனால் அதுவும் சருகு.

"கதிர் வர்ற பயிர அறுக்கச் சொல்றியாடா?" என்றார்.

"அறுக்காட்டி மணி பிடிக்காம சாவியாத்தானப்பா நிக்கும்."

மறுபேச்சு இல்லை. காலையில் பார்த்தால் அவரே அரிவாளோடு மேற்கு வயலில் இறங்கிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றரை ஏக்கர் பச்சைப் பயிரை அறுத்துக் காயவைத்துக் கட்டினோம். மாடும் ஆறு ஆடும் வைகாசி வரை அதில் ஓடியது.

இன்ஜினை இரவு ஏழு மணிக்குப் போட்டேன். பகலில் பாய்ச்சினால் வாய்க்காலிலேயே பாதி போகும். மண் வாய்க்காலும் வேண்டாம் என்று ஓஸை வாடகைக்கு எடுத்து வயலுக்குள்ளேயே விட்டேன். விடிகாலை மூன்றரைக்குக் குட்டையில் சேறு உறிஞ்சியது. அன்றைக்கு நான் செய்த வேலை என்று பார்த்தால் இருட்டில் ஓஸை இழுத்துப் போட்டதும் வரப்பு ஓட்டைகளை மிதித்து அடைத்ததும்தான். இருபது நாள் கழித்து ஒரு மணியை நகத்தில் வைத்து அழுத்தினேன். பால் தெறித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாயாத ஓரத்தில் ஒரு கதிரை உருவி அழுத்தினேன், உமி மட்டும் கையில் ஒட்டியது. மூன்றடி இடைவெளி. தையில் 24 மூடை வந்தது. மூன்று ஏக்கர் போட்டு ஒன்றுமே எடுக்காதவர்கள் அந்த வருடம் எங்கள் ஊரில் நிறைய.

வண்டல் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் கண்மாய் வண்டலை விவசாயிகள் விலையில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. அந்த வருட மார்ச்சில், ஊரார் சேர்ந்து கண்மாயைச் சீர்படுத்தும் குடிமராமத்து மறுபடி தொடங்கியது, முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். எங்கள் ஊரில் ஆளாளுக்கு டிராக்டர் ஓட்டினோம். ஆர்வத்தில் கரைக்கு அடியிலேயே தோண்டத் தொடங்கியவர்களைப் பெரியப்பா கம்போடு விரட்டினார். கரையின் காலைத் தோண்டினால் கரை உட்காரும். மடையின் மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, மாடு குளிக்கத்தான் உதவும். தண்ணீர் நிற்கும் உள்வாய் முழுக்கப் பரவலாக எடுக்க வேண்டும். எங்கள் கண்மாயில் ஒரு பக்க மண் உவர். முதலில் ஒரு தொட்டியில் அந்த மண்ணைப் போட்டு வெந்தயம் தூவி, முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு அள்ளினோம். ஒரு பக்கம் முளைத்தது, மறு பக்கம் கருகியது. அடித்தவர்களில் இரண்டு பேர் கருகிய பக்கத்து மண்ணை அடித்து இன்றைக்கும் புலம்புகிறார்கள்.

கண்மாயை ஆழப்படுத்தியதும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வரத்துக்காலை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வரும் வழி இரண்டரை கிலோமீட்டர், முழுக்கச் சீமைக் கருவேலம். அந்த வருடத் தொடக்கத்தில்தான் மதுரை உயர்நீதிமன்றக் கிளை கருவேலத்தை அகற்றச் சொல்லியிருந்தது. எனக்கு இதில் ஊரோடு முழுதும் ஒத்துப்போகாத கருத்து உண்டு. நிலத்தடி நீரையெல்லாம் அதுதான் உறிஞ்சுகிறது என்று எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவார்கள். ஆனால் 2017இல் எங்கள் ஊரில் கையில் காசு பார்த்த வீடுகள் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்ட வீடுகள்தான். தரிசில் நின்ற அந்த முள்தான் அவர்களுக்கு எண்ணெயும் பருப்பும் வாங்கிக் கொடுத்தது. அதற்காக வரத்துக்காலில் நிற்கலாமா? கூடாது. அங்கே நின்றால் தண்ணீர் திசை மாறும். எனவே தலைக்கட்டுக்கு 500 ரூபாய் வரி போட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, வரத்துக்காலிலும் உள்வாயிலும் மட்டும் தூரோடு எடுத்தோம். மேலே வெட்டிவிட்டால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். விறகு விற்ற காசு வரிக் கணக்கிலேயே சேர்ந்தது. வருடா வருடம் ஆடியில் ஒருநாள் போய்க் கன்றுகளைப் பிடுங்குகிறோம். அதை விட்டால் மூன்றே வருடத்தில் பழைய கதை.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்" என்று அப்பா சொல்வதைக் கிண்டல் செய்திருக்கிறேன். கோடை மழை ஒன்று விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுது போட்ட வயலில் ஐப்பசி மழை ஓடாமல் இறங்குவதைப் பார்த்த பிறகு கிண்டல் இல்லை. விதைநெல்லை ஒரு சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம், 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைத்துத்தான் இப்போது விதைக்கிறேன். முளைத்த பிறகு வரும் பத்து நாள் காய்ச்சலைத் தாங்குகிறது. ரகம் பாதிக்குச் சித்திரைக்கார், பாதிக்கு அண்ணா 4. பின்னது பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வந்தது, நூற்றைந்து நாளுக்குள் கைக்கு வரும். மேட்டில் மிளகாயைக் குறைத்து அரை ஏக்கர் குதிரைவாலி. விலை சில வருடம் நன்றாக இருக்கும், சில வருடம் வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு ஆகும், வைக்கோல் மாட்டுக்கு ஆகும் என்று போடுகிறேன். மிளகாய் அடியில் பழைய வைக்கோல் மூடாக்கு. கறையான் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேப்பம்புண்ணாக்குத் தூவியதில் கொஞ்சம் மட்டுப்பட்டது, முழுதாகப் போகவில்லை.

பயிர்க் காப்பீட்டில் எனக்கு 2016இல் ஒன்றும் வரவில்லை. பிரீமியம் கட்டியிருந்தேன். பதிவு செய்த இடத்தில் புல எண்ணில் ஒரு எண் மாறிப்போய், என் வயல் வேறு கிராமத்தில் இருந்தது. ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியவன் நான், படித்துப் பார்க்கவில்லை. இப்போது கட்டின இடத்திலேயே நின்று புல எண், பரப்பு, கிராமம், வங்கிக் கணக்கு எண் நான்கையும் ஊர்ப் பயிர்ப் பதிவான அடங்கலோடும் பாஸ்புக்கோடும் ஒத்துப் பார்த்து, போனில் படம் எடுத்த பிறகுதான் நகர்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இப்போது எங்கள் மடைக்குக் கீழே ஏழு குட்டைகள் இருக்கின்றன. எல்லாம் கீழ்மூலையில். போன மார்கழியில் மச்சான் வந்து நின்றார். அவர் குட்டை வற்றிவிட்டது, முக்கால் ஏக்கர் கதிரில் நிற்கிறது. அவர் வாய் திறக்கும் முன் நானும் அவரும் ஒரே திசையில் பார்த்தோம். சவுக்குக் கம்பில் ஐந்து கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. என் வயலுக்கு வேண்டியதை மனசுக்குள் கழித்தேன்.

"ஒரு தண்ணிக்கு வரும் மச்சான். ராத்திரி போடுவோம், ஓஸ எடுத்துட்டு வாங்க" என்றேன்.